கல்யாண வீட்டுக் கந்தல்

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. உன் நலம் எனக்குத் தெரியும். செரண்டாவில் கூட்டாளியின் வாடகை அறையில், காற்றாடிக்குக் கீழே மல்லாந்து கிடக்கிறாய். நான் அழைத்தால் போனைக் கவிழ்த்து வைக்கிறாய். குணாவின் நலமும் எனக்குத் தெரியும். தாடை உடைந்து, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி, உறிஞ்சு குழாயில் கஞ்சி குடிக்கிறான். என் நலம் எப்படி என்று கேட்கத்தான் இன்னும் ஒருவருக்கும் நேரம் வரவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லுவேன். உன் அம்மா வாயை மூட, பிறந்த நாள் முதல் யாராலும் முடிந்ததில்லை என்பது உனக்குத் தெரியும்.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் குடும்பக் குழுவிலேயே போடுகிறேன். நீயும் அங்கேதானே போட்டாய்? "குணாதான் டெக்கைக் கொளுத்துனான். அவனே வாயால ஒத்துக்கிட்டான். அந்த வாய்லயே குடுத்தேன்." அதற்குக் கீழே உன் பெரியப்பாவிலிருந்து கெர்லிங்கில் இருக்கும் சித்திவரை கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். ஒருவர் சிங்கத்தின் படம்கூடப் போட்டிருந்தார். எல்லாரும் விரலை இறக்குங்கள். குணா கொளுத்தவில்லை. என் மகன் போலீசில் கொடுத்த ரிப்போர்ட் தப்பு. அந்தத் தப்பால், வாயைத் திறக்க முடியாத ஒருவனின் கட்டிலைச் சுற்றி நின்று, ஏன் தீ வைத்தாய் என்று போலீசார் கேட்டார்கள். அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போவானா, லாக்கப்புக்குப் போவானா என்பதே கேள்வியாக இருந்தது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். வழக்கம்போல் பாதியில் எழுந்து போகாதே.

அந்த டெக்கை நீ போட்டபோது நான் எவ்வளவு சிரித்தேன் என்று ஞாபகம் இருக்கும். வீட்டின் பின்பக்கம், சமையலறைக் கதவிலிருந்து செம்பனைத் தோட்ட வேலி வரைக்கும், பாலாவ் மரத்தில் ஒரு பலகைத் தளம். உன் கல்யாண நலங்கை மண்டபத்தில் வைக்க வேண்டாம், யாழினி நம்ம வீட்டு டெக்கில்தான் உட்காரணும் என்று ஒற்றைக்காலில் நின்றாய். உன் அப்பா அதை மேடை என்றார். நான் கப்பல் என்றேன். கோலசிலாங்கூரில் எல்லாரும் ஆற்றில் படகு விடுவார்கள், என் மகன் வீட்டுக்குப் பின்னால் கப்பல் விடுகிறான் என்று நான் ஓட்டும் பள்ளி வேனில் வரும் பிள்ளைகளிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். ஆனால் மழையும் வெயிலும் பட்டு அந்தப் பலகை செத்த எலியின் நிறத்துக்கு வந்தபோது நீயும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. கல்யாணம் நெருங்கிவிட்டது. சாயம் ஏற்ற வேண்டும் என்றாய். கூலிக்கு ஆள் வைக்கலாம் என்று உன் அப்பா சொன்னதற்கு, என் டெக், என் கை என்றாய். "பலகைன்னா பல கை வேணும்டா" என்று நான் சொன்னதும்தான் குணாவைக் கூப்பிட்டாய்.

மணப்பெண் யாழினியின் அண்ணன் அவன். கல்யாணத்தன்று உனக்கு மாலை போட்டு மணவறைக்கு அழைத்துப் போயிருக்க வேண்டிய மச்சான். சுங்கை ஆயர் தாவாரிலிருந்து, செம்பனைக் குலை ஏற்றும் லோரியை முதலாளியிடம் சொல்லி நிறுத்திவிட்டு, விடிந்ததும் வந்து நின்றான். வந்ததும் வராததுமாக என்னிடம், "அத்தே, உங்க மகன் கல்யாணம் பண்றாரா, வீடு பூராவும் பாலீஷ் போட்டு விக்கப் போறாரா?" என்றான். எனக்கு அப்போதே அவனைப் பிடித்துவிட்டது. பாம்பின் கால் பாம்புக்குத்தான் தெரியும்.

அப்போது அந்த மரத்தை நீ படுத்திய பாட்டையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீர் பீய்ச்சும் இயந்திரத்தைப் பலகைக்கு அருகில் வைத்துப் பிடித்தாய். நார் நாராகப் பிய்ந்து வந்தது. தள்ளிப் பிடி மச்சான், மரத்துக்குத் தோல் உரியுது என்று குணா சொன்னான். நீ கேட்கவில்லை. மறுநாள் அது காய்ந்த பிறகு மணல்தாள் இயந்திரத்தை ஓட்டினாய். ரேகை ஓடுகிற போக்கில் தேய்க்க வேண்டிய மரத்தைக் குறுக்கே தேய்த்தாய், அது கத்தியது. ஆணி ஒன்று தலையைத் தூக்கி நின்று தாளைக் கிழித்ததும், இயந்திரத்தைக் கீழே போட்டுவிட்டு, சுத்தியலால் அந்த ஆணியை அடித்தாய். ஆணி உள்ளே போன பிறகும் அடித்தாய். பலகையில் பள்ளம் விழுந்த பிறகும் அடித்தாய். குணா என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்துச் சிரித்தேன். "அவன் அப்படித்தான். பட்டாசு. வெடிச்சிட்டா முடிஞ்சிடும்" என்றேன்.

பட்டாசு என்ற பேரை உனக்கு வைத்ததும் நான்தான். பள்ளிக்கூட நாளில் பந்தாட்டத்தில் உன்னை வெளியே உட்கார வைத்தார்கள் என்று, வீட்டுக்கு வரும் வழியில் என் வேனின் பக்கக் கண்ணாடியைக் கல்லால் அடித்து உடைத்தாய். உள்ளே சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு பெண்பிள்ளையின் கன்னத்தில் சில்லு கீறியது. நான் அந்தக் கதையை எத்தனை கல்யாணத்தில், எத்தனை திருவிழாவில் சொல்லியிருப்பேன்! கீறல்பட்ட பிள்ளையை விட்டுவிட்டு, நீ கல்லைத் தேடி அலைந்ததை மட்டும் நடித்துக் காட்டுவேன். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். நீ மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாய், பெருமையாக. ஒருவனின் கோபத்தைக் குடும்பமே கைதட்டி வளர்த்தால் அது ஒருநாள் அந்தக் குடும்பத்தின் வாசலிலேயே வந்து நிற்கும் என்பதை இப்போது எழுதுகிறேன். உனக்குப் பிள்ளை பிறந்து, அது கல்லெடுத்தால், தயவுசெய்து அதைக் கதையாக்காதே.

சாயத்துக்கு வருவோம். மெர்பாவ் மரத்தின் சிவப்பில், எண்ணெயில் கலந்த சாயம். தூரிகையால் பூசுவது நீ. மரம் குடித்தது போக மிச்சத்தைத் துணியால் துடைப்பது குணா. துடைக்கத் துணி கேட்டீர்கள். உன் அப்பாவின் பழைய கைலிகளையும் என் பருத்திச் சேலை ஒன்றையும் கிழித்துக் கொடுத்தேன். அந்தச் சேலையைப் பார்த்துத்தான் கேலி ஆரம்பித்தது. "அத்தே, இந்தச் சேலையக் கட்டிக்கிட்டு நீங்க வந்திருந்தா மாமா ஓடியிருப்பாரு" என்றான் குணா. நீ சிரித்தாய். அடுத்து அவன் உன்னைத் தொட்டான். "மச்சான், இவ்ளோ கஷ்டப்பட்டுப் பூசுறீங்க. என் தங்கச்சிய அழ வெச்சீங்க, சொல்லிட்டேன், சுங்கை ஆயர் தாவார் வரைக்கும் வெளிச்சம் தெரியுற மாதிரி இந்த டெக்கக் கொளுத்திருவேன்." அதற்கும் நீ சிரித்தாய். ஆனால் பல் மட்டும்தான் சிரித்தது. நான் பார்த்தேன்.

மச்சான் கேலி பண்ணாமல் வேறு யார் பண்ணுவது? என் கல்யாணத்தில் உன் மாமன், என் தம்பி, உன் அப்பாவின் துண்டில் அரிப்பெடுக்கும் பூனைக்காலிச் சுணையைத் தேய்த்து வைத்தான். மேளம் கொட்டுகிறது, ஐயர் மந்திரம் சொல்கிறார், உன் அப்பா தாலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முதுகை மணவறைத் தூணில் உரசுகிறார், எருமை மாதிரி. முதல் முடிச்சுக்கும் இரண்டாம் முடிச்சுக்கும் நடுவில் ஒரு உரசல். கண்ணில் தண்ணீர் வந்தது அவருக்கு. பந்தியில் என் தம்பிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவன் இலையில் இருந்த அப்பளத்தை எடுத்துத் தின்றார். அவ்வளவுதான் அவர் பழிவாங்கியது. அந்த அப்பளம் நொறுங்கிய சத்தத்தில்தான் இந்த ஆளோடு காலம் தள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. தாலி கட்டியபோதுகூடத் தோன்றவில்லை.

மதியத்துக்குள் பூச்சு முடிந்தது. டெக் சிவப்பாக, ஈரமாகப் பளபளத்தது. இன்னொரு பூச்சுக்கு உதவும் என்று குணா அந்த எண்ணெய்த் துணிகளையெல்லாம் உதறி, வேலிக் கம்பியில் வரிசையாக விரித்துப் போட்டான். இங்கேதான் தம்பி, நான் வருகிறேன். சோறு போடக் கூப்பிட வந்தவள் அதைப் பார்த்துக் கத்தினேன். "கல்யாண வீட்டுல எவனாச்சும் கந்தலக் காயப் போடுவானா? சம்பந்தி வீட்டு ஆளுங்க வந்தா என்னா நெனப்பாங்க? எடுங்கடா!" பந்தக்கால் நட்ட வீட்டில் கிழிந்த துணி கண்ணில் படக்கூடாது என்பது என் அம்மா வீட்டு வழக்கம், அவருக்கு முந்தியவர்களின் வழக்கம். குணா, "அத்தே, சம்பந்தி வீட்டு ஆளே நான்தான்" என்றான். அவன் கைகழுவப் போன நேரத்தில் நீதான் அத்தனையையும் அள்ளிச் சுருட்டி, அமுக்கி, பிரம்புக் கூடையில் திணித்து, டெக் படிக்குக் கீழே தள்ளினாய். கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தாகிவிட்டது. வீடு சுத்தம்.

சாப்பிட்டுவிட்டு நாமெல்லாம் பத்திரிகை வைக்கப் போனோம். குணா திண்டில் சாய்ந்து தூங்கினான். நாம் திரும்பி வரும்போது வெயில் சாயவில்லை. தெரு முனையிலேயே புகை தெரிந்தது. வேனை நிறுத்துவதற்குள் நீ குதித்தாய். நான் உன் பின்னால் ஓடினேன்.

படியும், படியை ஒட்டிய பலகைகளும் கரியாகிப் போயிருந்தன. சமையலறைக் கதவின் பெயிண்ட் கொப்பளித்துத் தோலாக உரிந்து தொங்கியது. குணா ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் கரி. புருவம் பொசுங்கிப் போயிருந்தது. சட்டைப் பையில் அவன் சிகரெட்டும் லைட்டரும் நனைந்து ஒட்டிக்கொண்டு தெரிந்தன. ஒற்றை ஆளாக நின்று அந்தத் தீயை அடக்கியிருக்கிறான்.  பயந்துபோனவன் என்ன செய்வான்? சிலர் அழுவார்கள். என்னைப் போன்றவர்களும் அவனைப் போன்றவர்களும் வாயை விடுவோம். உன் முகத்தைப் பார்த்துவிட்டு, நிலைமையைச் சரிபண்ணுவதாக நினைத்துக்கொண்டு, அந்த மடையன் சொன்னான்:

"பாத்தீங்களா மச்சான், சொன்ன மாதிரியே கொளுத்திட்டேன்லா."

நான் சிரிக்கக்கூட வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் நீ மிச்சம் கிடந்த பலகைத் துண்டை எடுத்துவிட்டாய்.

முதல் அடி வாயில். பாலாவ் கனத்த மரம். தச்சர்கள் அதில் ஆணி இறக்கவே ஓட்டை போட்டுத்தான் இறக்குவார்கள். அந்த மரத்தால் ஒரு மனிதன் வாயில் அடித்தாய். சத்தம் என் பல்லில் கேட்டது. அவன் கையிலிருந்த குழாய் பாம்பு மாதிரிச் சுழன்று எல்லார்மேலும் தண்ணீரை அடித்தது. அவன் கையைத் தூக்கி முகத்தை மறைத்தான். இரண்டாவது அடி கையில். விரல்கள் போகக் கூடாத பக்கம் போயின. அவன் சாய டின்மேல் விழுந்தான். டின் கவிழ்ந்தது. சிவப்புச் சாயம் சிமெண்டுத் தரையில் ஓடியது, அதற்குமேல் அவன் வாயிலிருந்து வந்தது. எது எது என்று தெரியவில்லை. விழுந்தவனை நீ உதைத்தாய். "சொல்லுலா! இப்ப சொல்லுலா!" என்று கத்தினாய். சொல்லத்தான் வாய் இல்லையே. உடைத்ததே நீதானே. உன் அப்பா உன் இடுப்பைப் பிடித்தார். முழங்கையால் அவர் நெஞ்சில் இடித்துத் தள்ளினாய். அவர் கதவில் போய் விழுந்தார். நான் உன் முடியைப் பிடித்து இழுத்தேன். நீ பலகையை மறுபடியும் தூக்கினாய், அவன் தலைக்கு நேராக. அப்போதுதான் நான் உன் மணிக்கட்டைக் கடித்தேன். எலும்பு தட்டுகிற வரைக்கும் கடித்தேன். நாய் கடித்த மாதிரி. உன் ரத்தம் உப்பாக இருந்தது. என் பால் குடித்த பிள்ளையின் ரத்தத்தை நான் குடித்தேன். இதை நான் எந்தக் கல்யாணத்திலும் சொல்லிச் சிரிக்க முடியாது.

பலகை விழுந்தது. நீ மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாய். நாங்கள் அவனை வேனில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிள்ளைகள் உட்காரும் இருக்கையில் அவன் தலை. மூச்சு விடும்போதெல்லாம் குமிழி வந்தது. நீ நேராக ஸ்டேசனுக்குப் போய், மணிக்கட்டைக் காட்டி, அவனே தீ வைத்துவிட்டு அவனே ஒத்துக்கொண்டான், கைகலப்பு ஆனது என்று ரிப்போர்ட் கொடுத்திருக்கிறாய். என் பல் தடம்கூட உனக்குச் சாட்சியாகிவிட்டது.

மறுநாள் காலை நான் பின்பக்கம் போனேன். சாயமும் ரத்தமும் பிசுபிசுவென்று கிடந்தன. துணியைப் போட்டு ஒற்றி எடுத்தேன். தேய்த்துத் துடைத்தேன். கல்யாண வீட்டில் ரத்தக் கறை யார் கண்ணிலும் படக்கூடாதே! பார், அப்போதும் எனக்கு அதே புத்தி. அந்தத் துணிகளையெல்லாம் சுருட்டி, அமுக்கி, இரும்பு வாளியில் போட்டு, சுவரோரம் தகரத்துக்குக் கீழே ஒளித்து வைத்தேன். மதியம் தாண்டி, உன் அப்பாவுக்குக் கஷாயம் எடுக்கச் சமையலறையில் நிற்கிறேன், காறல் எண்ணெய் காய்கிற வாடை வருகிறது. அடுப்பில் எண்ணெய் இல்லை. கதவைத் திறந்தால் வாளியிலிருந்து புகை. யாரும் இல்லை. வேலிக்கு அப்பால் ஒரு ஆடு நின்றது; அது சிகரெட் பிடிக்காது. வாளியைத் தொட்டேன், கை பொசுங்கியது. இடுக்கியால் மேல்துணியைத் தூக்கினேன். நடுவில் இருந்த துணி கனன்று கொண்டிருந்தது. காற்றுப் பட்டதும் என் கண்ணெதிரே குப்பென்று பற்றியது.

"ஏங்க! இங்க வாங்க!"

உன் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். "யாரு பத்த வெச்சா?"

"யாரும் இல்ல. நான் இங்கதான் நிக்கிறேன். பாருங்க, தானா எரியுது. தீவாளின்னு சொல்லுவோமே, இதுதான் தீ வாளி."

அவர் சிரிக்கவில்லை. வாளியைப் பார்த்தார். படிக்குக் கீழே கரியாகிக் கிடந்த பிரம்புக் கூடையைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. என்னைவிடச் சீக்கிரம் விளங்கியது என்றே நினைக்கிறேன்.

"தண்ணிய ஊத்து," என்றார்.

"ஊத்துறேன். அப்புறம்?"

"அப்புறம் என்னா? கொண்டுபோயி சாக்கடை லொங்காவுல கொட்டு. நீயும் பாக்கல, நானும் பாக்கல."

"குணா?"

"அவன் எளசு. பொழச்சிக்குவான். நம்ம பையன் உள்ள போனா வெளிய வர்றப்ப எப்படி வருவான்னு நெனச்சியா? வேல போயிரும். பொண்ணு போயிரும். ஒரே புள்ளடி."

"அவங்க வீட்லயும் ஒரே பையன்தாங்க."

"தெரியும்," என்றார்.  "தெரிஞ்சிதான் சொல்றேன்."

அவரைக் குறை சொல்லாதே. உன் முழங்கை இடித்த இடம் நீலம் பாரித்துக் கிடக்க, அந்த நெஞ்சால்தான் உனக்காகப் பேசினார். நான் வாளியில் தண்ணீர் ஊற்றினேன். சீறியது. லொங்காவில் கொட்டவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

குணாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் யாழினி உட்கார்ந்து, கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்தாள்; அத்தே என்றுதான் கூப்பிட்டாள். குணாவின் முகம் பழுத்த பலா மாதிரி இருந்தது. ஒரு கண் திறக்கவில்லை. வலது கையில் கட்டு. இடது கட்டைவிரலால் போனில் ஏதோ தட்டி என் பக்கம் திருப்பினான். "அத்தே, டெக் காஞ்சிருச்சா?" என்று இருந்தது. நான் சிரித்துவிட்டேன். சிரித்த வாயோடு அழுதேன். அவன் மறுபடியும் தட்டினான். இந்த முறை அதிக நேரம் பிடித்தது. "நான் கொளுத்தல." நான் அவன் காதருகில் குனிந்து, "தெரியும்டா" என்றேன். அவன் திறந்திருந்த கண்ணை மூடிக்கொண்டான்.

யாழினி என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள். அவள் கையில் அந்த உறிஞ்சு குழாய் இருந்தது. அதை வளைத்து வளைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, ஒன்னு கேக்குறேன். நானும் அண்ணன் மாதிரி வாய் நீளம். நாளைக்கு நான் ஏதாச்சும் கேலி பண்ணி, அது அவருக்குப் புடிக்காமப் போனா, நீங்க எங்க நிப்பீங்க?"

 "ஒன் பக்கத்துல நிப்பேன்மா," என்றேன்.

"அன்னைக்கும் பக்கத்துலதான அத்தே நின்னீங்க."

 எத்தனை பேர் வாயை அடைத்திருக்கிறேன்! அந்தப் பெண் ஒரு சொல்லில் என்னைக் கட்டிப் போட்டுவிட்டாள். மன்னித்துவிடு என்று மாப்பு கேட்கலாம் என்று நினைத்தேன். மாப்பிள்ளை வீட்டுக்காரிக்கு மாப்பு இல்லை என்று என் நாக்கே என்னைக் கேலி பண்ணியது.

வீட்டுக்கு வந்தேன். ஸ்டேசனுக்குப் போகிறேன் என்றேன். உன் அப்பா எழுந்தார். சட்டையை மாட்டினார். பின்பக்கம் போய், அந்த வாளியை அவரே தூக்கிக்கொண்டு வந்து வேனில் ஏறித் தன் காலடியில் வைத்துக்கொண்டார். வழியெல்லாம் வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார்.

அங்கே போலீஸ் சார்ஜன் முதலில் சிரித்தார். துணி தானாகப் பற்றுமா, மக்சிக், இது என்ன பேய்க் கதையா என்று மலாயில் கேட்டார். ஆனாலும் தீயணைப்புப் படைக்கு, பொம்பாவுக்குப் போன் பண்ணி ஒரு ஆளை வரவழைத்தார். வந்தவர் வாளியைக் கிளறினார், முகர்ந்தார், தலையை ஆட்டினார். இந்த வகை எண்ணெய் காயும்போது சூடு கக்குமாம். விரித்துப் போட்டால் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டி அமுக்கினால் போக வழியில்லாமல் உள்ளேயே ஏறி, தானாகப் பற்றிக்கொள்ளுமாம். டின்னிலேயே போட்டிருப்பார்களே என்றார். நாம் யார் டின்னைப் படித்தோம்? குணா விரித்துப் போட்டது சரி. எடு என்று கத்தியது நான். சுருட்டித் திணித்தது நீ. அந்தத் தீயை வைத்தது என் வாயும் உன் கையும்தான். அணைத்தவன் வாயையும் கையையும்தான் நீ உடைத்தாய்.

அதை எழுதிக்கொண்ட பிறகு சார்ஜன் பேனாவை மூடப் போனார். இன்னும் இருக்கிறது என்றேன். பலகையால் அடித்ததைச் சொன்னேன். எங்கே அடித்தாய், எப்படி அடித்தாய், விழுந்த பிறகு எப்படி உதைத்தாய், தலைக்கு ஓங்கியது, நான் கடித்தது, எல்லாம். கைகலப்பு ஒன்றும் இல்லை, அவன் ஒரு அடிகூடத் திருப்பி அடிக்கவில்லை என்றேன். அவர் பேனாவை நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தார்.

"அனாக் செண்டிரி?" சொந்த மகனா என்று கேட்டார்.

"ஆமா. சொந்த மகன்தான்," என்றேன். உன் அப்பா பக்கத்து நாற்காலியில் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன். அடுத்து அவரும் போட்டார்.

தம்பி, இப்போது நீ என்னைத் திட்டுவாய். பெற்ற மகனைக் காட்டிக்கொடுத்த தாய் என்று இந்தக் குழுவிலேயே நாலுபேர் எழுதுவார்கள். எழுதட்டும். உன்மேல் பாசம் குறைந்து நான் இதைச் செய்யவில்லை. அந்தப் பலகை அவன் தலையில் இறங்கியிருந்தால் நீ இன்றைக்குக் கொலைகாரன். என் பல் கொஞ்சம் முந்திக்கொண்டது. அடுத்த முறை உன் பக்கத்தில் நான் இருக்க மாட்டேன். வயதாகிறது, பல்லும் ஆடுகிறது. அடுத்த முறை அங்கே நிற்பது ஒரு பெண்ணாக இருக்கலாம், ஒரு குழந்தையாக இருக்கலாம். கை ஓங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: "எப்படிடா பத்துச்சு?" அவன் தெரியாது என்று சொல்லியிருப்பான். நீயும் அவனும் சேர்ந்து கரியைச் சுரண்டியிருப்பீர்கள். இனிமேலாவது கேள். பதில் பிடிக்காவிட்டால் எழுந்து வெளியே போ. நடந்து போ. மோட்டார் சைக்கிளை எடுக்காதே.

யாழினியிடம் நீ போய் நிற்காதே. காலில் விழாதே, கையை அறுத்துக்கொள்வேன் என்று மிரட்டாதே, கூட்டாளியைத் தூது அனுப்பாதே. வருவதும் வராததும் அவள் முடிவு. வரமாட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கல்யாணம் இல்லை என்று மண்டபத்துக்குச் சொல்லிவிட்டேன். பத்திரிகை கொடுத்த வீடுகளுக்கு நானே போய்ச் சொல்லப் போகிறேன். காரணத்தையும் மறைக்காமல் சொல்லப் போகிறேன். நீ அவளுக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உன் பொய் ரிப்போர்ட்டை உன் வாயாலேயே மாற்று. என் சாட்சியத்தால் குணாவை விட்டுவிடுவார்கள் என்றுதான் சார்ஜன் சொன்னார். ஆனால் அவன் கொளுத்தவில்லை என்பதை நீ சொல்லி அவன் கேட்க வேண்டும். அவனுக்குக் காது நன்றாகத்தான் இருக்கிறது.

நாளை போலீஸ்காரர்கள் செரண்டாவுக்கு உன்னைத் தேடி வருவார்கள். கதவை உடைத்து உன்னை இழுத்து வருவதற்கு முன்னால் நீயாகவே கிளம்பி ஸ்டேசனுக்கு வந்துவிடு. வக்கீல் ஒருவரிடம் உன் அப்பா பேசியிருக்கிறார். உன்னைத் தப்பவைக்க அல்ல, நடக்க வேண்டியது ஒழுங்காக நடக்க. நானும் அங்கே இருப்பேன். உன்னை அடிக்க மாட்டேன், கடிக்கவும் மாட்டேன். அழவும் மாட்டேன் என்று மட்டும் சொல்ல முடியாது.

காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வா. உள்ளே எப்போது கொடுப்பார்கள் என்று தெரியாது.

அம்மா